அளவு கடையில முடிவாகுது, பழி மட்டும் அடுப்படிக்கு

வீட்டுல சாப்பாடு வீணாகறதப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் அது கடைசியில பொம்பளைங்களுக்கு அட்வைஸா போய் நிக்குது. லிஸ்ட் எழுதி வாங்குங்க, ஃப்ரிட்ஜ்ல பழசை முன்னால வைங்க, மிஞ்சின சோத்துக்கு தண்ணி ஊத்துங்க, இட்லி மிஞ்சினா உதுத்து உப்புமா பண்ணுங்க... இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா? பழைய சோறும் நீராகாரமும் குடிச்சு வளந்தவங்கதான் நாங்க. நான் கேக்கறது வேற. ஒரு வீட்டுக்குள்ள ஒரு பொருள் எவ்வளவு வருது, எத்தனை நாள் தாங்கற நிலைமையில வருது, எதுல கட்டி வருது, இதையெல்லாம் முடிவு பண்றது யாரு? பெரும்பாலும் நாங்க இல்லீங்க. பாக்கெட் போடற கம்பெனியும், அதை அடுக்கி வெக்கற கடையும்தான்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல ஒரு ரிப்போர்ட் விட்டாங்க. 2022ல உலகம் முழுக்க வீடு, ஹோட்டல், கடை மூணுலயும் சேத்து 105 கோடி டன் உணவு வீணாச்சாம், அதுல 60 சதவீதம் வீடுகள்ல, 28 சதவீதம் ஹோட்டல் கேட்டரிங் பக்கம், 12 சதவீதம்தான் கடையில. நம்ம நாட்டுக்கு வீட்டுக் கணக்கு தலைக்கு வருஷம் 55 கிலோன்னு போட்டிருக்காங்க (தோலு, எலும்புன்னு திங்க முடியாததும் இதுல சேத்தி). இந்த 60ஐயும் 12ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, கடைக்காரங்க சிக்கனமானவங்க வீட்டுக்காரங்கதான் ஊதாரின்னு முடிவு கட்டிரக்கூடாது. ஏன்னா கடையில அழுகக்கூடாதுன்னு ஆஃபர் போட்டு நம்ம பைக்குள்ள தள்ளி விடற சரக்கு, அழுகறப்ப நம்ம வீட்டுக் கணக்குலதான் ஏறுது. அந்த 12 குறையறதுக்கு இந்த 60 ஏறுச்சுன்னா அது யாரோட வேஸ்ட்?

நான் இருக்கறது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா. கேரளாதான், ஆனா கடைவீதியில தமிழ் இல்லாம யாவாரம் நடக்காது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் கோயமுத்தூர் ஜில்லாவுல கால் வெச்சிரலாம். காய்கறி முக்கால்வாசி அந்தப் பக்கமிருந்துதான் வருது, பொள்ளாச்சி, உடுமலை, ஒட்டன்சத்திரம்னு. என்ற அண்ணன் இங்க மளிகைக்கடை வெச்சிருக்காரு, சாயங்காலத்துல கணக்கு எழுத நான் போய் உக்காருவேன், அதனால கல்லாவுக்கு முன்னால நின்னு வாங்கறவளாவும் பின்னால உக்காந்து பாக்கறவளாவும் சொல்றேன் இதை.

கேரளாப் பக்கத்துக் கடைகள்ல எனக்கு ரொம்பப் புடிச்சது சாம்பார் கிட். தமிழ்நாட்டு உள்பக்கம் இருக்கறவங்க சில பேர் பாத்திருக்க மாட்டாங்க, அதனால விவரமா சொல்றேன். ஒரு சின்னக் கவர்ல ரெண்டு வெண்டக்காய், பாதி முருங்கக்காய், ஒரு பத்தை பூசணி, ஒரு துண்டு வெள்ளரி, ஒரு துண்டு சேனை, ஒரு கேரட், ஒரு கத்திரிக்காய், தக்காளி, பச்சமிளகா, மேல கொத்துமல்லி ரெண்டு இணுக்கு, கருவேப்பிலை. ஒரு வேளை சாம்பாருக்கு கச்சிதமா இருக்கும். அவியல் கிட்டும் அதே மாதிரி. இதே காயை தனித்தனியா காக்கிலோ காக்கிலோன்னு வாங்கினீங்கன்னா எட்டுக் காய்க்கு ரெண்டு கிலோ வீட்டுக்கு வந்துரும், புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர் இருக்கற வீட்டுல அந்த ரெண்டு கிலோவைத் தீக்கறதுக்குள்ள வெண்டக்காய் முத்திப் போய் கத்திரிக்காய் கறுத்துப் போய் பூசணி கொழகொழன்னு ஆயிரும். இந்த கிட்டை யாரும் பூமியைக் காப்பாத்தணும்னு ஆரம்பிக்கல. விக்கறவருக்கும் அதுல பிரயோசனம் இருக்கு, நுனி ஒடைஞ்ச முருங்கக்காய், கோணலா வளந்த வெள்ளரி, கடைசியா மீந்த சேனைத்துண்டு எல்லாம் காசாகுது. விக்கறவருக்கும் லாபம், வாங்கறவங்களுக்கும் வேஸ்ட் இல்ல, இந்த மாதிரி ஏற்பாடுதான் நிலைச்சு நிக்கும்.

அதுலயும் ஒரு குறை உண்டு, சொல்லாம விடக்கூடாது. காலையிலயே நறுக்கி இறுக்கமா கட்டி வெச்சா சாயங்காலத்துக்குள்ள கவருக்குள்ள தண்ணி கோத்துக்கும், வெட்டின பூசணி ஓரம் வழுவழுன்னு ஆயிரும். பெரிய காயை மட்டும் கேக்கறப்ப வெட்டிப் போட்டுக் குடுக்கறவங்க கிட்ட வாங்கினா மறுநாளைக்கும் தாங்குது. கடைக்காரருக்கு ரெண்டு நிமிஷ வேலை, வீட்டுக்கு ஒரு நாள் ஆயுசு கூடுது.

இப்ப எதிர்ப்பக்கம் பாருங்க. புதுசு புதுசா வர்ற சூப்பர் மார்க்கெட்ல உருளைக்கிழங்கு வலைப்பையில, தக்காளி தட்டுல ஒட்டி, கீரை மூணு கட்டு ரெண்டு கட்டு விலைக்கு. கீரையை யாராவது மூணு கட்டு ஒரே நாள்ல கடைவாங்களா? அது மறுநாளே வாடற சாமான், அதுக்கு ஆஃபர் போடறதே தப்புன்னு நான் நினைக்கறேன். சோப்புக்குப் போடுங்க, உப்புக்குப் போடுங்க, ரெண்டு வருஷம் கெடாது. கெட்டுப் போற பொருளுக்கு விலையைக் குறைக்கணும்னா ஒண்ணு வாங்கினாலும் அந்தக் குறைஞ்ச விலை கிடைக்கற மாதிரி குறைக்கணும்.

பிரிட்டன்ல வேஸ்ட்டைக் குறைக்கறதுக்காக வேலை செய்யற ராப்னு ஒரு அமைப்பு, பாக்கெட்டா உதிரியா எது நல்லதுன்னு சோதிச்சுப் பாத்து 2022ல சொன்னாங்க. ஆப்பிள், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, வெள்ளரி, பிராக்கலி அஞ்சையும் எடுத்து பாக்கெட்ல போட்டும் உதிரியாவும் வெச்சுப் பாத்திருக்காங்க, பிளாஸ்டிக் பாக்கெட் போட்டதால ஆயுசு பெருசா ஒண்ணும் கூடல, எந்தக் குளிர்ல வெக்கறோம்கறதுதான் முக்கியம்னு வந்துச்சு. ஆப்பிள், வாழைப்பழம், உருளைக்கிழங்கு மூணையும் உதிரியா வித்தாலே அந்த நாட்டுல 60,000 டன் உணவு மிச்சமாகும்னு கணக்குப் போட்டாங்க, காரணம் ரொம்ப எளிசு, தேவையான அளவு எடுத்துக்குவாங்க. அங்க ஆராய்ச்சி பண்ணி உதிரிக்குத் திரும்பறாங்க, இங்க நம்ம தலைமுறை தலைமுறையா தராசுல உதிரியா நிறுத்து வித்துட்டு இப்பத்தான் வலைப்பைக்குப் போறோம். எனக்கு இது நெஜமாவே வருத்தமா இருக்கு.

அளவுன்னதும் எங்க பெரியம்மா ஞாபகம் வருது. பசங்க ஒருத்தன் துபாய்ல, ஒருத்தன் பெங்களூர்ல, அவங்க தனியா இருக்காங்க. இந்தப் பக்கம் அப்படி வீடு தெருவுக்குத் தெரு உண்டு. சர்க்கரை இருக்கறதால ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி, அதுக்கு அரைவேக்காடு சப்பாத்தி பாக்கெட் வாங்குவாங்க (கேரளாவுல இது இல்லாத கடையே கிடையாது). பாக்கெட்ல பத்து இருக்கும். பிரிச்சுட்டா ஈரம் பட்டு நாலாம் நாள் புள்ளி புள்ளியா பூஞ்சை. ஒரு நாள் கடையில வெச்சே எங்கிட்ட கேட்டாங்க, "ஏன் கண்ணு, அஞ்சஞ்சா போட்டு ஒரு பாக்கெட் போட்டா அவங்களுக்கு என்ன கொறஞ்சா போயிரும்? தனியா இருக்கறவங்க எல்லாம் பட்டினி கெடக்கோணுமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கடைக்கடையா சரக்கு கொண்டாந்து போடற லைன் வண்டிக்காரர் கிட்ட அண்ணன் கேட்டாரு, சின்ன பாக்கெட் போட்டா கவர் செலவு கட்டாது சேட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஆனா இது கட்டாத விஷயம்னு என்னால ஒத்துக்க முடியல. ஷாம்பூவை சாஷேல அடைச்சு நாடு முழுக்க வித்துக் காட்டினது கடலூர்ல இருந்து கிளம்பின யாவாரம்தான், சின்ன அளவுல வித்து லாபம் பாக்க முடியும்னு உலகத்துக்கே பாடம் எடுத்த ஊரு நம்மளது. கெடாத ஷாம்பூவுக்கு ஒரு தடவைக்கான பாக்கெட் இருக்கு, கெட்டுப் போற பிரெட்டுக்கும் சப்பாத்திக்கும் குடும்பத்துக்கான பாக்கெட் மட்டும் இருக்குன்னா எங்கயோ தலைகீழா யோசிக்கறாங்க. விலையிலயும் ஒண்ணு பாக்கணும். இப்ப பாக்கெட் மேல கிராமுக்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவுன்னு யூனிட் விலை போடணும்னு விதி இருக்கு, அதைப் பாத்தா சின்னது எவ்வளவு கூடுதல்னு தெரிஞ்சிரும், ரொம்ப வித்தியாசம் இருந்தா ஜனங்க பெருசையே எடுத்து பாதியைக் குப்பையில போடுவாங்க. அந்த வித்தியாசத்தைக் குறைக்கறது கம்பெனி கையிலதான் இருக்கு.

அடுத்து தேதி. இதைப் பத்தி கொஞ்சம் நீளமா பேசணும், ஏன்னா குழப்பம் இங்கதான் ஜாஸ்தி. யூஸ் பைன்னா அதுக்கு மேல சாப்பிட்டா உடம்புக்கு ஆகாது, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பெஸ்ட் பிஃபோர்னா அது வரைக்கும் ருசியும் மொறுமொறுப்பும் நல்லா இருக்கும், அதுக்கு மேல கொஞ்சம் நமுத்துப் போகலாம், விஷமாகாது. ரெண்டும் வேற வேற. நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2020ல கொண்டு வந்த லேபிள் விதியில எக்ஸ்பைரி இல்லன்னா யூஸ் பை கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் கம்பெனி விருப்பப்பட்டா கூடுதலா போட்டுக்கலாம்னு வெச்சிருக்காங்க. அதனால என்ன ஆகுதுன்னா மூணு நாள்ல கெடற பாக்கெட் பொருளுக்கும் மாசக்கணக்கா இருக்கற ரஸ்க்குக்கும் ஒரே வார்த்தை. ரஸ்க் தேதி நேத்தோட முடிஞ்சிருந்தா மருமக பயந்து தூக்கிப் போடுது, மாமியா மோந்து பாத்துட்டு டீயில தொட்டுக்கறாங்க, சண்டை. பாலு, மீன், கறி இதுக்கெல்லாம் அந்தத் தேதியை நான் மதிக்கறேன், நீங்களும் மதிங்க. ஆனா ரஸ்க், அவல், சேமியா மாதிரி காஞ்ச சாமானுக்காவது பெஸ்ட் பிஃபோர்ங்கற தேதியும் பளிச்சுன்னு போட்டு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் ஒரு வரி அச்சடிச்சா எவ்வளவோ மிஞ்சும்.

பிரிட்டன்ல மாரிசன்ஸ்னு ஒரு பெரிய கடை 2022 ஜனவரியில அவங்க சொந்த பிராண்ட் பாலுல பெரும்பாலானதுக்கு யூஸ் பை தேதியை எடுத்துட்டு பெஸ்ட் பிஃபோர் போடறோம், மோந்து பாத்து முடிவு பண்ணிக்கோங்கன்னு அறிவிச்சாங்க. அதே வருஷம் ஜூலையில மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 300க்கு மேல காய் பழ வகைகள்ல பெஸ்ட் பிஃபோர் தேதியையே எடுத்துட்டாங்க. காய் விஷயம் சரி. பால் விஷயத்தை நான் அப்படியே இங்க இறக்கச் சொல்ல மாட்டேன். சித்தூர் தாலுக்கா வெயில்ல, கரண்ட் போய்ப் போய் வர்ற ஃப்ரிட்ஜ்ல, அந்தக் கணக்கு ஒத்து வராது. எல்லாத்தையும் வெளிநாட்டுல இருந்து எடுக்கணும்னு இல்லீங்க, நம்ம ஊர் சூட்டுக்கு எது நிக்கும்னு பாத்து எடுக்கணும்.

தேதி அச்சடிக்கற இடத்தையும் பாருங்க. பளபளன்னு இருக்கற வெள்ளிக் கலர் மேல வெளிறின கறுப்புல, அதுவும் ஒட்டற மடிப்புலயே அடிக்கறாங்க, கத்தரிக்கோல் வெச்சதும் முதல்ல போறது அந்த மடிப்புதான். பிரிச்ச பாக்கெட்டுக்கு அப்புறம் தேதியே இல்ல. வயிறு மாதிரி இருக்கற நடுப்பகுதியில பெரிய எழுத்துல அடிச்சு, கூடவே பிரிச்சதுக்கு அப்புறம் எத்தனை நாளுக்குள்ள தீக்கணும், எங்க வெக்கணும்னும் போடணும். வீட்டுல நிஜமா கெடறது பிரிச்ச பாக்கெட்டுதானே, பிரிக்காதது இல்லையே.

மாவுப் பாக்கெட்டுக்கு இது இன்னும் முக்கியம். தோசை மாவு எப்ப அரைச்சதுன்னு தெரிஞ்சாத்தான் இன்னைக்கு இட்லியா, நாளைக்கு தோசையா, புளிச்சா வெங்காயம் போட்டு ஊத்தப்பமா பணியாரமான்னு முடிவு பண்ண முடியும். அரைச்ச நேரம் போடாம தேதி மட்டும் போட்டா காலையில அரைச்சதும் ராத்திரி அரைச்சதும் ஒண்ணாவே தெரியும், ஆனா நம்ம சூட்டுல அந்தப் பன்னண்டு மணி நேரம்தான் எல்லாமே. அண்ணன் கடைக்கு மாவு போடற அக்கா கிட்ட சொன்னேன், இப்ப மார்க்கர்ல மணி எழுதிக் குடுக்கறாங்க. பாத்திரம் கொண்டாந்தா அரைக்கிலோவும் ஊத்திக் குடுக்கறாங்க. சும்மா ஒரு மார்க்கர் செலவு.

கடைக்கு உள்ள நடக்கற இன்னொண்ணு வாங்கறவங்களுக்குத் தெரியாது, ரிட்டர்ன். பிரெட், பன் மாதிரி சில ஐட்டம் விக்கலன்னா வண்டிக்காரரே திருப்பி எடுத்துக்குவாரு. அதனால கடைக்காரருக்கு பயமில்ல, ரேக் நிறைய இருந்தாத்தான் யாவாரம்னு கூடுதலாவே இறக்குவாங்க, ஜனங்களும் பின்னால கையை விட்டு புதுத் தேதியா பாத்து உருவுவாங்க, முன்னால இருக்கறது அப்படியே வண்டியில திரும்பிப் போகும். ரிட்டர்ன் இல்லாத ஐட்டம்னா கதை மாறிடும், தேதி நெருங்கினதை சத்தமில்லாம முன்னால தள்ளி முழு விலைக்கே வித்துருவாங்க, வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல போய்த்தான் பாப்பாங்க நாளையோட முடியுதுன்னு. ரெண்டுமே வேண்டாம்னுதான் நான் சொல்றேன். தேதி நெருங்கினதுக்குன்னு தனியா ஒரு தட்டு வைங்க, இன்னைக்கே சாப்பிடறவங்களுக்குன்னு எழுதி விலையைக் குறைங்க, ஒளிக்காதீங்க. ஜப்பான்ல 2021ல இருந்து அரசாங்கமும் கடைகளும் சேந்து, உடனே சாப்பிடப் போறீங்கன்னா முன்னால இருக்கறதை எடுங்கன்னு ரேக்ல சீட்டு ஒட்டி வெக்கறாங்க. எங்க கடையில பிரெட் ரேக்ல அண்ணன் தமிழ்லயும் மலையாளத்துலயும் அதே மாதிரி எழுதி ஒட்டியிருக்காரு. ஸ்கூலுக்கு சாயங்காலமே சாண்ட்விச் பண்ணி வெக்கறவங்க முன்னால இருக்கறதை எடுக்க ஆரம்பிச்சிருக்காங்க.

ஆன்லைன் பக்கம் ஒரு அறிவுறுத்தல் வந்திருக்கு, 2024 நவம்பர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ சொன்னாங்க, வீட்டுக்குக் கொண்டு வந்து குடுக்கறப்ப பொருளோட ஆயுசுல 30 சதவீதமாவது, இல்ல 45 நாளாவது பாக்கி இருக்கணும்னு. நல்ல விஷயம். பாக்காம வாங்கறவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேணும்.

சின்ன பாக்கெட் வேணும்னு நான் கேட்டுக்கிட்டே போறது பிளாஸ்டிக்கைக் கூட்டாதான்னு நீங்க கேப்பீங்க. கேக்கணும். எங்க பஞ்சாயத்துல ஹரித கர்ம சேனாங்கற குப்பை சேகரிக்கற குழு அக்காமாருங்க மாசா மாசம் வீட்டுக்கு வந்து 50 ரூபா வாங்கிட்டு கழுவிக் காய வெச்ச பிளாஸ்டிக்கை எடுத்துட்டுப் போறாங்க, சோறு கொழம்பு எல்லாம் அவங்க எடுக்க மாட்டாங்க, அதை அவங்கவங்க வீட்டுலயே பயோபின்லயோ குழியிலயோ போட்டு மக்க வெக்கணும். 2023 மார்ச்ல கொச்சியில பிரம்மபுரம் குப்பைமேடு நாள்கணக்கா எரிஞ்சு ஊரே புகையில மூழ்கினதுக்கு அப்புறம் இந்த விஷயத்துல ரொம்ப கெடுபிடி. அதனால எங்க ஊர்ல எது எவ்வளவு வீணாகுதுன்னு மறைக்கவே முடியாது, பிளாஸ்டிக் சாக்குல நிறையும், சோறு கொல்லையில நாறும். ரெண்டையும் கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன், உதிரியா விக்க முடியற எல்லாத்தையும் உதிரியா வித்துருங்க, கவரே வேண்டாம். பருப்பு, ரவை, மிளகா, உருளை, வெங்காயம் எல்லாம் அப்படி வித்ததுதானே. பாக்கெட்ல போட்டே தீரணும்ங்கற பொருளுக்கு மட்டும் அளவைச் சின்னதாக்குங்க, மறுபடி மூடற மாதிரி குடுங்க. அரைக்கிலோ மைதா பாக்கெட்டைப் பிரிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சு மழைக்காலத்துல வண்டு புடிச்சு மொத்தமா கொட்டறதை விட ஒரு ஜிப்பு எவ்வளவோ மேல்.

அண்ணனால முடிஞ்சதை அவரு கடையில பண்ணிட்டாரு. ரெண்டு தக்காளி கேட்டாலும் மூஞ்சி சுளிக்காம நிறுத்துக் குடுக்கறாரு, சேனையும் பூசணியும் கேட்ட அளவுக்கு வெட்டறாரு. சப்பாத்தி பாக்கெட் மட்டும் அவரு கையில இல்ல. எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் கன்ஸ்யூமர் கேர்னு ஒரு போன் நம்பரும் மெயில் ஐடியும் இருக்கும், அது சட்டப்படி போட்டே ஆகணும், நம்மதான் அதைக் கண்டுக்கறதில்ல. பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதி, இந்த ஊர்ல தனியா இருக்கற பெரியவங்க எத்தனை பேர் எங்க கடைக்கு வந்து கேக்கறாங்கன்னும் சேத்து எழுதி, அஞ்சு சப்பாத்தி பாக்கெட் போடுங்கன்னு அந்த மெயிலுக்கு அனுப்பியிருக்கேன். உங்க பக்கம் வேற கம்பெனி அஞ்சு போட்டு விக்கறாங்கன்னா பேரும் விலையும் சொல்லுங்க, அண்ணன் இறக்கறேன்னு சொல்லியிருக்காரு.